மதுரை, கொழும்பு, துபாய்: லவுஞ்சுக்குள் போக கோல்டா, கார்டா, கைக்காசா?

கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம், தொண்டி பக்கமிருந்து வளைகுடாவுக்கும் மலேசியா, சிங்கப்பூருக்கும் போய் வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது: "காக்கா, நடுவுல ஆறு மணி நேரம் டிரான்சிட் இருக்கு. லவுஞ்சுக்குப் போக ஏர்லைன்ல மைல் சேர்த்து கோல்டு வாங்கவா, பேங்க்ல கிரெடிட் கார்டு எடுக்கவா, இல்ல அங்கேயே காசக் கட்டிரலாமா?"

லவுஞ்ச் என்பது விமான நிலையத்துக்குள் காத்திருக்கத் தனியாக இருக்கும் ஓய்விடம்; கோல்டு என்பது அடிக்கடி பறந்து மைல் சேர்ப்பவருக்கு விமான நிறுவனம் தரும் உயர் தகுதி. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார்டைப் பற்றி யோசிப்பதற்கு முன் உங்கள் இரண்டாவது போர்டிங் பாஸை எடுத்துப் பாருங்கள். இடையில் இறங்கும் ஊரிலிருந்து அடுத்து எந்த நிறுவனத்தின் விமானத்தில், எந்த டெர்மினலிலிருந்து ஏறப் போகிறீர்கள் என்பதுதான் முக்கால்வாசி முடிவைச் செய்கிறது. மீதியை உங்களோடு எத்தனை பேர் வருகிறார்கள் என்பது செய்துவிடும்.

நம் கடலோரத்துக்கு இதில் ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டத்தில் பயணிகள் விமான நிலையம் கிடையாது. உச்சிப்புளியில் இருப்பது கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து தளம். அதனால் எல்லாருக்கும் பயணம் மதுரை, திருச்சி, சென்னை மூன்றில் ஒன்றிலிருந்துதான் தொடங்குகிறது. மதுரையிலோ திருச்சியிலோ ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் ஏறி, கொழும்பில் மாறி, துபாய், தோஹா, குவைத் என்று போகிறவர்கள் ஒரு கூட்டம். ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், இண்டிகோ போன்ற மலிவு விமானங்களில் நேராகப் போகிறவர்கள் இன்னொரு கூட்டம். ராத்திரி ரயிலில் சென்னைக்குப் போய் எமிரேட்ஸோ கத்தார் ஏர்வேஸோ பிடிக்கிறவர்கள் மூன்றாவது. இந்த மூன்று கூட்டத்துக்கும் ஒரே ஆலோசனை ஒத்துவராது, ஆனால் இணையத்தில் கிடைக்கிற கட்டுரைகளில் பாதி, எல்லாரும் டெல்லியிலிருந்து லண்டனுக்குப் போகிற மாதிரி நினைத்து எழுதப்பட்டவை.

இன்னொன்று. லவுஞ்சை ஆடம்பரம் என்று நான் நினைக்கவில்லை. வீட்டு வாசலில் கார் ஏறியதிலிருந்து எண்ணினால் கொழும்பில் இறங்கும்போதே பாதி நாள் ஓடியிருக்கும். கைக்குழந்தையோடு வரும் தாய்க்கு, மூட்டு வலியோடு மகனைப் பார்க்கப் போகும் உம்மாவுக்கு, இரவு முழுக்கக் கண்விழித்துவிட்டு மறுநாள் காலை வேலையில் சேர வேண்டிய சபுராளிக்கு (வெளிநாட்டில் வேலை பார்ப்பவருக்கு), சாய்ந்து உட்கார ஒரு நல்ல நாற்காலியும் சூடான சாப்பாடும் சுத்தமான கழிப்பறையும் பெரிய விஷயம். அதனால்தான் தவறான வழியில் காசைக் கொட்டாமல் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறேன்.

எதை வைத்து எடை போடுவது

முதலில், அடுத்த விமானத்தை உண்மையில் ஓட்டுவது யார். டிக்கெட்டில் இருக்கும் எண் ஒரு நிறுவனத்துடையதாகவும் விமானம் இன்னொரு நிறுவனத்துடையதாகவும் இருக்கலாம். அடுத்து டெர்மினல். லவுஞ்ச் எந்த டெர்மினலில் இருக்கிறது, இமிகிரேஷனைத் தாண்டாமல் அங்கே போக முடியுமா? மூன்றாவது தலைக்கணக்கு. நான்காவது நேரம்: எத்தனை மணி நேரம் காத்திருக்கிறீர்கள், எத்தனை மணி நேரம் உள்ளே விடுவார்கள், இரண்டும் வேறு. கடைசியாக, ஆண்டுக்கு எத்தனை தடவை இந்த வசதி உங்களுக்கு உண்மையில் தேவைப்படும். ஆண்டுக்கு ஒருமுறை லீவில் வருகிறவருக்கும் மாதம் ஒருமுறை ரத்தினக்கல் வியாபாரத்துக்கு கொழும்பு, பாங்காக் போகிறவருக்கும் கணக்கே தலைகீழ்.

வழி 1: விமான நிறுவனத்தின் கோல்டு தகுதி

ஒன்றின் உறுப்பினருக்கு மற்றொன்றும் சலுகை தரும்படி விமான நிறுவனங்கள் சேர்ந்த மூன்று பெரிய கூட்டணிகள் இருக்கின்றன. ஏர் இந்தியாவும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் தாய் ஏர்வேஸும் ஸ்டார் அலையன்ஸில். ஸ்ரீலங்கன், கத்தார் ஏர்வேஸ், மலேசியா ஏர்லைன்ஸ், கேத்தே பசிஃபிக் எல்லாம் ஒன்வேர்ல்டில்; ஓமன் ஏரும் 2025இல் அதில் சேர்ந்துவிட்டது. சவுதியா ஸ்கைடீமில். எமிரேட்ஸ் எந்தக் கூட்டணியிலும் இல்லை, தனிக்காட்டு ராஜா.

ஸ்டார் அலையன்ஸில் கோல்டு, ஒன்வேர்ல்டில் சஃபையர் அல்லது எமரால்டு, ஸ்கைடீமில் எலீட் பிளஸ். இந்தத் தகுதி இருந்தால் எக்கனாமி டிக்கெட்டிலேயே, சர்வதேசப் பயணத்தில், அந்தக் கூட்டணியின் லவுஞ்சுக்குள் போகலாம். கூடவே ஒருவரை அழைத்துப் போகலாம். அந்த விருந்தாளியும் அதே கூட்டணி விமானத்தில் பறப்பவராக இருக்க வேண்டும். வழியனுப்ப வந்த தம்பியை அழைத்துப் போக முடியாது. கீழ்த் தகுதிகளான ஸ்டார் சில்வர், ஒன்வேர்ல்டு ரூபி இரண்டுக்கும் கூட்டணி அளவில் லவுஞ்ச் கிடையாது, இதைத் தெரியாமல் 'சில்வர் வந்திருச்சு' என்று சந்தோஷப்படுகிறவர்கள் நிறையப் பேர்.

நம் பக்கத்துக்கு இதில் கவனிக்க வேண்டியது ஒன்வேர்ல்டுதான். மதுரை–கொழும்பு–தோஹா போகிறவர் ஸ்ரீலங்கனின் மைல் சேர்க்கும் திட்டமான ஃப்ளைஸ்மைல்ஸில் கோல்டு எடுத்தால் அது சஃபையர். அதே கோல்டு தோஹாவிலிருந்து கத்தார் விமானத்தில் மேற்கே போகும்போதும் செல்லும், பாங்காக்கிலிருந்து கேத்தேயில் ஹாங்காங் போகும்போதும் செல்லும். ஸ்ரீலங்கனில் பறந்து அந்த மைலை கத்தாரின் பிரிவிலேஜ் கிளப் கணக்கில் சேர்க்கவும் முடியும். எந்தக் கணக்கானாலும் சரி, ஒன்றிலேயே சேருங்கள். இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று சிதறடித்தால் எங்குமே கோல்டு வராது.

இனி பொறிகள். லவுஞ்ச் வாசலில் இருப்பவர் உங்கள் தங்க நிறக் கார்டைப் பெரும்பாலும் கையில்கூட வாங்கமாட்டார். போர்டிங் பாஸின் பார்கோடை ஸ்கேன் செய்வார், திரையில் அடுத்த விமானத்தின் எண்ணும் உங்கள் தகுதியும் வரும், பச்சை வந்தால் உள்ளே, சிவப்பு வந்தால் வெளியே. உங்கள் உறுப்பினர் எண் புக்கிங்கில் ஏறியிருந்தால் போர்டிங் பாஸில் பெயருக்குப் பக்கத்திலேயே தகுதி அச்சாகியிருக்கும். ஏறவில்லை என்றால் அந்த இடம் வெறுமையாக இருக்கும். கொழும்புக்குப் போர்டிங் பாஸ் வாங்கும்போதே அதைப் பாருங்கள், மதுரை கவுண்டரிலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.

ஒன்வேர்ல்டு விதிப்படி, அடுத்த விமானத்தை விற்றதும் ஓட்டுவதும் கூட்டணி நிறுவனமாகவே இருக்க வேண்டும். கத்தார் எண் போட்டு இண்டிகோ ஓட்டும் விமானம் இதில் வராது. டிக்கெட்டில் சின்ன எழுத்தில் 'ஆபரேட்டட் பை' என்று ஒரு வரி இருக்கும், அதுதான் உங்கள் விதியை எழுதுகிறது. சிங்கப்பூர் பக்கமும் இதே கதை: ஸ்கூட் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் சொந்தக் கம்பெனிதான், ஆனாலும் ஸ்டார் அலையன்ஸ் உறுப்பினர் இல்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் வந்து, சிங்கப்பூர் சாங்கி நிலையத்தில் மாறி, ஸ்கூட்டில் திருச்சிக்குப் போகிறவருக்கு ஸ்டார் கோல்டு சாங்கியில் உதவாது. வந்த விமானத்தைப் பார்ப்பதில்லை, போகிற விமானத்தைத்தான் பார்க்கிறார்கள்.

'அதே நாள்' என்று ஒரு விதியும் உண்டு. ஸ்டாரில் மறுநாள் அதிகாலை 5 மணி வரையும் ஒன்வேர்ல்டில் 6 மணி வரையும் கிளம்பும் விமானத்தை முந்தின நாள் கணக்கிலேயே சேர்ப்பார்கள். நம் ஆட்கள் பெரும்பாலும் நள்ளிரவு விமானக்காரர்கள் என்பதால் இது நமக்குச் சாதகம். இரவு பத்து மணிக்கு இறங்கி மறுநாள் பகல் பதினொன்றுக்குக் கிளம்புகிறவர் மட்டும் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சரி, கோல்டு எடுக்க எவ்வளவு பறக்க வேண்டும்? சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையரில் கோல்டுக்கு 12 மாதத்தில் 50,000 எலீட் மைல் (தகுதிக்கு எண்ணப்படும் மைல்). எமிரேட்ஸ் ஸ்கைவார்ட்ஸில் சில்வருக்கு 25,000, கோல்டுக்கு 50,000. எமிரேட்ஸ் சில்வருக்கு துபாயில் மட்டும் லவுஞ்ச் திறக்கும், கோல்டுக்கு மற்ற ஊர்களிலும் திறக்கும், ஒரு விருந்தாளியோடு. சென்னை–துபாய் தூரம் ஏறத்தாழ 1,800 மைல். முழுத் தூரமும் மைலாகக் கிடைக்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் சில்வருக்கே ஓராண்டில் ஏழு தடவை போய் வர வேண்டும்; மலிவு டிக்கெட்டில் முழு மைல் தருவதும் இல்லை. ஆண்டுக்கு ஒரு லீவு, மிஞ்சினால் ஒரு கல்யாணம் என்று வந்து போகிறவர் கோல்டைத் துரத்துவது வீண் வேலை. இதன் மறைமுகச் செலவும் அங்கேதான் இருக்கிறது: மைலுக்காக நாலாயிரம் ஐயாயிரம் கூடக் கொடுத்து அதே நிறுவனத்தில் டிக்கெட் எடுப்பார்கள், இரண்டு ஆண்டு இப்படிப் போன பிறகு கூட்டிப் பார்த்தால் பல லவுஞ்ச் கட்டணத்தைக் கொடுத்து முடித்திருப்பார்கள்.

யாருக்கு ஏற்றது: கம்பெனி டிக்கெட்டில் அடிக்கடி, ஒரே கூட்டணியில் பறக்கிறவர்கள், தனியாகவோ மனைவியோடு மட்டுமோ போகிறவர்கள்.

வழி 2: கிரெடிட் கார்டும் பிரையாரிட்டி பாஸும்

பிரையாரிட்டி பாஸ் என்பது பல ஊர் லவுஞ்சுகளுக்குள் விடும் ஓர் உறுப்பினர் அட்டை; சில வங்கிக் கார்டுகளோடும் வரும். இதன் பெரிய பலம், எந்த விமானம் என்று கேட்காது. ஏர் அரேபியாவோ ஸ்ரீலங்கனோ, அன்றைய போர்டிங் பாஸ் இருந்தால் போதும். கப்பல் வேலைக்குப் போகிறவர்களை நினைத்துப் பாருங்கள். இந்த முறை சிங்கப்பூரில் கப்பல் ஏறுவார், அடுத்த முறை வேறொரு கண்டத்தில், டிக்கெட்டைக் கம்பெனிதான் போடும், எந்த ஏர்லைன் என்று முந்தின நாள்தான் தெரியும். அவருக்குக் கூட்டணி கோல்டு வரவே வராது. கார்டுதான் வழி.

பிரையாரிட்டி பாஸை நேராகவும் வாங்கலாம்: அடிப்படைத் திட்டம் ஆண்டுக்கு 99 டாலர், அதன்மேல் ஒவ்வொரு நுழைவுக்கும் 35 டாலர் அளவில். இது யாருக்கும் லாபமில்லை என்பது என் கருத்து. வங்கிக் கார்டோடு இலவசமாக வந்தால்தான் பொருள். ஆனால் இலவசத்துக்குள்ளும் பல அடுக்கு. இந்திய வங்கிகள் பலவும் இப்போது முந்தைய காலாண்டில் குறிப்பிட்ட தொகை செலவழித்திருந்தால்தான் லவுஞ்ச் என்கின்றன. 'உள்நாட்டு லவுஞ்ச்' என்று போட்டிருந்தால் அது சர்வதேசப் புறப்பாட்டுப் பகுதியில் செல்லாது. சில கார்டுகளோடு வரும் பிரையாரிட்டி பாஸை இந்தியாவுக்குள் தேய்த்தால் இலவசக் கணக்கில் சேராமல் கட்டணம் விழும், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் வரும். விருந்தாளிக்குப் பெரும்பாலும் தனிக் கட்டணம், அது அன்றைக்குத் தெரியாது, அடுத்த மாத பில்லில்தான் தெரியும்.

வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களுக்கு அங்குள்ள வங்கிக் கார்டுகள் தாராளம்தான். லவுஞ்ச்கீ, டிராகன்பாஸ் என்று இதே மாதிரி லவுஞ்ச் திட்டம் ஏதாவது ஒன்று கூடவே வரும். ஆனால் அதற்கான சம்பள வரம்பு இருக்கிறது. அதைவிட முக்கியம், வேலை முடிந்து விசா கேன்சல் செய்து ஊர் திரும்பும்போது அந்தக் கார்டை முறையாக மூடி, பாக்கி இல்லை என்று வங்கியிடம் கடிதம் வாங்க வேண்டும். சின்ன ஆண்டுக் கட்டணம் கட்டாமல் கிடந்து வட்டியோடு வளர்ந்தால் அந்த நாட்டுக்குள் மறுபடி போகும்போது தலைவலி. லவுஞ்சுக்காக மட்டும் கார்டு எடுக்காதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். மாதா மாதம் முழுத் தொகையையும் கட்டும் பழக்கம் இருப்பவருக்கு மட்டுமே இந்த வழி.

நேரக் கட்டுப்பாடும் உண்டு. இந்தப் பொது லவுஞ்சுகளில் வழக்கமாக மூன்று மணி நேரம்தான், பல இடங்களில் விமானம் கிளம்ப மூன்று மணி நேரம் இருக்கும்போதுதான் உள்ளே விடுவார்கள். எட்டு மணி நேர டிரான்சிட்டில் முதல் ஐந்து மணி நேரம் வெளியேதான். கூட்டம் நிரம்பிவிட்டால் கார்டுக்காரர்களை முதலில் நிறுத்துவார்கள். நள்ளிரவிலிருந்து விடிகாலை வரை வளைகுடா நிலையங்களில் இது சகஜம்.

வழி 3: வாசலில் காசு

ஆண்டுக்கு ஓரிரு முறை போகிறவருக்கு இதுதான் நேர்மையான வழி. எந்தக் கடமையும் இல்லை, தேவைப்பட்டால் கட்டலாம், விமானம் நேரத்துக்குக் கிளம்பினால் விட்டுவிடலாம். முன்கூட்டியே இணையத்தில் புக் செய்தால் பல லவுஞ்சுகளில் வாசல் விலையைவிடக் குறையும். இந்தியக் கார்டில் டாலரோ திர்ஹமோ கட்டும்போது வங்கி மூன்று மூன்றரை சதவீதம் வரை அந்நியச் செலாவணிக் கட்டணம் போடும், அதையும் கணக்கில் சேருங்கள்.

இடிக்கும் இடம் தலைக்கணக்கு. ஒருவருக்கு 35 டாலர் என்று வைத்தால் நான்கு பேர் குடும்பத்துக்கு 140 டாலர், பன்னிரண்டாயிரம் ரூபாயைத் தாண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. பெரிய பிள்ளைகளுக்குப் பாதியா முழுசா என்பது இடத்துக்கு இடம் மாறும். எல்லாருக்கும் கட்ட முடியாவிட்டால், முதியவருக்கும் துணைக்கு ஒருவருக்கும் மட்டும் கட்டுங்கள். பிள்ளைகளுக்கு லவுஞ்சைவிட ஓடித் திரிய இடம்தான் வேண்டும்.

வழி 4: பிசினஸ் டிக்கெட்

லவுஞ்சுக்காக இதை எடுக்க வேண்டியதில்லை. எடுத்தவர்கள் கவனிக்க வேண்டியது இரண்டு. எமிரேட்ஸின் 'ஸ்பெஷல்', கத்தாரின் 'லைட்' போன்ற மலிவு பிசினஸ் கட்டணங்களில் லவுஞ்ச் கிடையாது. அப்புறம், பிசினஸ் டிக்கெட்டுக்குக் கூட்டணி விதிப்படி விருந்தாளி கிடையாது. எக்கனாமியில் வரும் கோல்டுகாரர் மனைவியை அழைத்துப் போக, பிசினஸில் வருபவர் தனியாகத்தான் போக வேண்டும்.

வழி 5: லவுஞ்சே வேண்டாம்

இதையும் ஒரு வழியாக எண்ண வேண்டும், ஊரைப் பொறுத்து. தோஹா ஹமத் நிலையத்தில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாகச் சத்தமில்லாத ஓய்வறைகள் இலவசம். சாங்கியில் டிரான்சிட் பகுதியிலேயே சாய்ந்து தூங்க இலவச இடங்கள் இருக்கின்றன, டெர்மினல் 1, 2, 3க்கு இடையே இமிகிரேஷன் தாண்டாமல் ரயிலில் போய்வரலாம். ஒளு எடுக்கவும் (தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவவும்) தொழவும் வளைகுடா நிலையங்களில் எங்குமே சிரமமில்லை. கையில் வீட்டிலிருந்து கட்டிய இடியாப்பமோ ஒரு பொட்டலம் தொதலோ இருந்தால் சாப்பாட்டுக் கவலையும் பாதி தீர்ந்தது. கொழும்பில் இப்படி வசதி குறைவு, அதனால் காசு செலவழிப்பதென்றால் நான் அங்கேதான் செலவழிப்பேன்.

எட்டு மணி நேரத்துக்கு மேல் போனால் கேள்வியே மாறிவிடுகிறது. அப்போது படுக்கைதான் வேண்டும். நீண்ட இடைவெளிக்கு விமான நிறுவனமே ஓட்டல் தருகிறதா என்று டிக்கெட் எடுக்கும்போதே ஏஜெண்டிடம் கேளுங்கள். எமிரேட்ஸின் 'துபாய் கனெக்ட்' மாதிரி ஏற்பாடுகள் சில கட்டணங்களுக்கு உண்டு. ஏஜெண்ட் தானாகச் சொல்லமாட்டார்.

ஒரே பார்வையில்

| | கூட்டணி கோல்டு | கார்டு | வாசலில் காசு | பிசினஸ் |
|---|---|---|---|---|
| மலிவு விமானத்தில் | செல்லாது | செல்லும் | செல்லும் | பொருந்தாது |
| விருந்தாளி | ஒருவர் | பெரும்பாலும் கட்டணம் | தலைக்குத் தலை | இல்லை |
| நேரம் | பொதுவாகத் தாராளம் | சுமார் 3 மணி | சுமார் 3 மணி | பொதுவாகத் தாராளம் |
| கூட்டத்தில் திருப்பி அனுப்புவது | அரிது | அடிக்கடி | முன்பதிவு இருந்தால் குறைவு | அரிது |
| மறைந்த செலவு | மைலுக்காகக் கூடுதல் டிக்கெட் விலை | ஆண்டுக் கட்டணம், செலவு நிபந்தனை, வரி | செலாவணிக் கட்டணம் | மலிவுக் கட்டணத்தில் லவுஞ்ச் இல்லாமை |

தனித்தனி டிக்கெட் எடுப்பவர்கள் இதைப் படியுங்கள்

மதுரையிலிருந்து மலிவு விமானத்தில் துபாய், அங்கிருந்து வேறு டிக்கெட்டில் எமிரேட்ஸ் என்று சேர்த்துப் போடுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். எமிரேட்ஸ் கிளம்புவது டெர்மினல் 3. நீங்கள் இறங்குவது வேறு டெர்மினலாக இருக்கலாம். பெட்டி தானாக மாறாது, வெளியே போய் எடுத்து மறுபடி போட வேண்டும், அதற்கு விசா வேண்டும். அடுத்த போர்டிங் பாஸ் கையில் இல்லாமல் எந்த லவுஞ்சும் திறக்காது. கோல்டு, கார்டு, காசு மூன்றும் இருந்தும் நாற்காலியில் உட்கார முடியாமல் போவது இப்படித்தான்.

ஒரே டிக்கெட்டாக இருந்தால் புறப்படும் ஊரிலேயே இரண்டு போர்டிங் பாஸும் கேட்டு வாங்குங்கள். தரவில்லை என்றால் இறங்கியதும் முதல் வேலை டிரான்ஸ்ஃபர் டெஸ்க், அப்புறம்தான் மற்றதெல்லாம்.

என்னைக் கேட்டால்

ஆண்டுக்கு ஒருமுறை லீவில் வரும் சபுராளி, தனியாக: எதையும் சேர்க்க வேண்டாம். கொழும்பில் நான்கு மணி நேரத்துக்கு மேல் காத்திருப்பு என்றால் மட்டும் முன்பதிவு செய்து காசு கட்டுங்கள். குடும்பத்தோடு என்றால், அந்தப் பன்னிரண்டாயிரத்தைக் குறைந்த காத்திருப்பு உள்ள டிக்கெட்டுக்குப் போடுங்கள். ஆறு மணி நேர டிரான்சிட்டை இரண்டு மணி நேரமாக்குவது எந்த லவுஞ்சையும்விட மேல்.

வியாபாரத்துக்கு கொழும்பு, பாங்காக், ஹாங்காங் என்று சுற்றுகிறவர்: ஒன்வேர்ல்டில் ஒரே கணக்கில் சேர்த்து சஃபையருக்குப் போங்கள், இடையில் மலிவு விமானம் ஏறும் நாட்களுக்கு ஏற்கெனவே இருக்கும் கார்டு போதும்.

கப்பல்காரர், கம்பெனி டிக்கெட்டில் நாடு நாடாகப் போகிறவர்: கார்டு. நிபந்தனைத் தொகையை வீட்டு மளிகை, மின்கட்டணம் என்று இயல்பாகவே தாண்டுகிறீர்களா என்று பாருங்கள். அதற்காகச் செலவை ஏற்ற வேண்டியிருந்தால் விட்டுவிடுங்கள்.

முதல்முறை மகனைப் பார்க்கத் தனியாகப் போகும் உம்மா, வாப்பாவுக்கு: லவுஞ்சுக்கு முன்னால் சக்கர நாற்காலி உதவியை டிக்கெட்டிலேயே பதிவு செய்யுங்கள், அது விமான நிறுவனம் இலவசமாகத் தருவது. அந்த உதவியாளர் கேட்டுக்கும் கேட்டுக்கும் இடையே அழைத்துப் போவார், வழி தேடி அலைய வேண்டியதில்லை. அதன்பிறகு கையில் காசு மிச்சம் இருந்தால் லவுஞ்ச்.